பத்து வருடம் ஓடிய வாஷிங் மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்ததா? பரவாயில்லை என்று மழுப்பாமல் உள்ளதைச் சொல்லித் தம்பியை எழுத வை. அப்பாவும் தம்பியும் நலம்தானே?

இங்கே எனக்கு அடுக்குமாடி வீடுகளில் பழைய சாமான்களைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டும் வேலை. எதற்கு எத்தனை ஆயுள் என்று கம்பெனியில் பட்டியலே இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் பன்னிரண்டு வருடம், வாஷிங் மெஷினுக்குப் பத்து. நன்றாக ஓடினாலும் கழற்ற வேண்டும். எங்கள் அறைக்குத் தூக்கிப் போய்விடுவோம் என்று பயந்து, சுத்தியலால் உடைக்கவும் சொல்கிறார்கள்.

நேற்று ஒரு மெஷினை ஓடவிட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல் சுற்றியது. உன் ஞாபகம் வந்து என் கை எழவில்லை.

"என்னடா, மாமியார் வீட்டுச் சீதனமா? போடு அடியை," என்றார் மேஸ்திரி.

"நல்லா ஓடுதுண்ணே. மனசு வரல."

"மனசு வரலைன்னா ஊருக்குப் போயிடு."

உடைத்துவிட்டேன். கோபத்தில் குறி தப்பிக் கட்டைவிரலில் சின்ன அடி, பயப்படாதே.

மெஷினுக்குப் பத்து வருடம் போதுமாம். உன் கை இருபத்தாறு வருடமாகத் துவைக்கிறது. அந்தக் கையில் அழுக்குச் சட்டையைப் போட்டவர்களில் நானும் ஒருவன். இங்கே வாளியில் ஜீன்ஸை முறுக்கிப் பிழியும்போதுதான் எனக்குப் புரிகிறது.

நம் வீட்டுச் சோப்பு இரண்டு அனுப்பு. இங்குள்ள சோப்பில் அந்த வாசனை இல்லை.

இனி அவரவர் துணியை அவரவரே துவைக்கட்டும். டேய் தம்பி, இந்த வரியை விழுங்காமல் அப்பா காதில் விழும்படி படி.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மூத்தவன்