நாலாவது கால்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கோடை முகாம் சமையலுக்கென்று நீயும் உன் அண்ணனும் பழைய கார் சக்கர வளையத்தில் செய்த கேஸ் அடுப்பு கொட்டகையில் அப்படியே கிடந்தது. நேற்று முற்றத்துக்கு இழுத்து வந்து துடைத்தேன். அவர் செய்கிற மாதிரியே குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. உன் கைவேலை ஆயிற்றே! பற்ற வைத்ததும் மஞ்சளாக எரிந்தது. "மஞ்சளா எரிஞ்சா அதுக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்" என்பாரே, காற்றுத் துளையைத் திறந்துவிட்டேன். நீலமாகிவிட்டது.

கால் வைப்பதில் நீங்கள் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும்.

"மூணு கால் போதும்டா. மேடு பள்ளத்துல ஆடாம நிக்கும்."

"நாப்பது பேர் சோத்தைக் கிண்டினா கவுந்துடும்ணே. அப்புறம் எறும்புக்குத்தான் விருந்து."

அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பெரிய பானையில் தண்ணீர் வைத்துக் கிண்டினேன். அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, "தம்பி ஜெயிச்சுட்டான், பாத்தீங்களா" என்று திரும்பினேன்.

அடக்கம் முடிந்ததிலிருந்து நீ இந்தப் பக்கமே வரவில்லை. அண்ணனோடு அப்படிச் சண்டை போட்டுவிட்டு அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது என்று உன் மனைவியிடம் சொன்னாயாம். இது என்ன பேச்சு? அவர் நெஞ்சு நின்றதற்கு நீ என்ன செய்வாய்?

முகாம் நெருங்குகிறது. வெல்டிங் மெஷினோடு வா. சாய்கிற பக்கத்தில் அந்த நாலாவது காலை வைத்துக் கொடு. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

உன் அண்ணி