அண்ணன் மிச்சம் வைத்த டெக்கீலா

மார்ச் 4, செவ்வாய்

காய்ச்சல் விட்டுப் போய்விட்டது. போகும்போது என் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்று காலை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறேன், பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கரியாகிவிட்டது, எனக்குத் தெரியவே இல்லை. இவர்தான் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "மூக்கு போனா என்ன, அதுக்கு மேல இருக்கிற கோவம் அப்படியே பத்திரமா இருக்கே" என்று கிண்டல் வேறு. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு, எது நின்றாலும் மறுபடி ஓட வைத்துவிடலாம் என்று நினைப்பு.

சலவைக் கடையில் மானம் போனது. துணியை வாங்கி முகர்ந்து பார்த்து, இது எண்ணெய், இது ஒயின், இது குழந்தை கக்கியது என்று நான் சொன்னால் தப்பாது. இன்று ஒரு கோட்டைக் கொண்டுவந்த அம்மாளிடம் "காபியா?" என்று கேட்டு வைத்தேன். மீன் எண்ணெயாம். அவர் முறைத்த முறைப்பு!

மார்ச் 5, புதன்

அலமாரியிலிருந்து அண்ணன் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர் மாதிரி.

மார்ச் 9, ஞாயிறு

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். இன்று கடை லீவு, இவர் வேலைக்குப் போய்விட்டார், அழ வசதி.

அண்ணன் ஒரு ஓட்டல் பாரில் மது கலக்குகிறவனாக இருந்தான். வாரம் முழுக்க ஊரார் கிளாஸை நிரப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு அண்ணியோடு வருவான். கையில் ஒரு பையில் டெக்கீலா பாட்டில், இனிப்பு மதுவான ஆரஞ்சு லிக்கர், எலுமிச்சை, ஒரே ஒரு ஆரஞ்சு. அப்போது எங்கள் வீட்டில் கிளாஸ் இரண்டுதான். மற்ற இரண்டு பேருக்கு டீ குடிக்கிற கப். அதன் விளிம்பிலும் எலுமிச்சையைத் தடவி, தட்டில் பரப்பிய உப்பில் கவிழ்த்து எடுப்பான். "கப்பா இருந்தா அதுக்கு மரியாதை கிடையாதா?" என்பான். மூடி போட்ட ஸ்டீல் டப்பாவில் ஐஸைப் போட்டு அவன் குலுக்குகிற சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார்.

கடைசியில் ஆரஞ்சுத் தோலைச் சுருள் சுருளாகச் சீவி, கிளாஸுக்கு மேல் வைத்து முறுக்குவான். தோலின் எண்ணெய் புகை மாதிரி தெறிக்கும். யாரும் குடிக்கக் கூடாது. முதலில் என் மூக்குக்கு நேரே நீட்டுவான். "சொல்லு மூக்கி, என்ன குறையுது?" நான் சொன்னால்தான் அது முடிந்த கணக்கு. பெரிய பெரிய ஆட்களுக்கு ஊற்றிக் கொடுத்தவன், சலவைக் கடைத் தங்கச்சி எலுமிச்சை போதாது என்றால் மறுபேச்சில்லாமல் இன்னும் பிழிவான்.

நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மூன்று வருஷமாகிறது. ஒரு வாரத்துக்குள் அண்ணி அவன் சட்டை, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒரு கைக்குட்டை இல்லை எனக்கு. கால் பாட்டில் டெக்கீலாவை மட்டும் "நீ வச்சுக்கோ" என்று நீட்டினார். அன்றிலிருந்து அண்ணியோடு பேச்சு என்றால் நல்லது கெட்டதுக்கு இரண்டு வார்த்தைதான்.

நான் அதைக் குடிக்கவில்லை. திறந்து முகர்ந்துவிட்டு மூடி வைப்பேன். அவ்வளவுதான். அண்ணன் வந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். இப்போது அதுவும் இல்லையென்றால் நான் எங்கே போய் அவனைத் தேடுவேன்?

மார்ச் 12, புதன்

டாக்டரம்மாவைப் பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாமாம். காலையும் மாலையும் எலுமிச்சை, கிராம்பு என்று எதையாவது முகரச் சொல்கிறார். "நாக்கு நல்லாத்தான் இருக்கு. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாலும் தெரியும். வாசனைதான் தெரியாது."

பஸ்ஸில் வரும்போது பொறி தட்டியது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு. அட, இந்த நான்கும்தானே அவன் கிளாஸில் இருந்தது! முகர முடியாவிட்டால் குடித்துப் பார்க்கலாமே.

மார்ச் 15, சனி

தனியாகச் செய்து பார்த்தேன், வெட்கக்கேடு. அவன் டெக்கீலாவைத் தொட மனசு வரவில்லை. லிக்கரும் எலுமிச்சையும் மட்டும் கலந்தேன். இருமல் மருந்தே மேல். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான் பார்த்திருந்தா உன்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பான்" என்றார். அளவு தெரிந்தவர் அண்ணி ஒருத்தர்தான். போன் செய்யணும். செய்யத்தான் வேணுமா?

மார்ச் 16, ஞாயிறு

செய்துவிட்டேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன்ல சொன்னா உனக்கு வராது. சனிக்கிழமை நானே வர்றேன்" என்றார்.

மார்ச் 22, சனி

அண்ணி வந்தார். வந்ததும் வராததுமாக முந்தானையைச் செருகிக்கொண்டு எலுமிச்சையை உள்ளங்கையில் உருட்ட ஆரம்பித்துவிட்டார். ரெண்டு பங்கு டெக்கீலா, ஒரு பங்கு லிக்கர், ஒரு பங்கு சாறு. நான் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தேன். அண்ணி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் ஒரு மாதிரி ஆனது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"என்ன அண்ணி?"

"இதுல வாசனையே இல்லடி. நீ திறந்து திறந்து எல்லாம் போயிடுச்சு."

எனக்குத் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. மூக்கைத் திட்டிக்கொண்டிருந்தேனே இத்தனை நாளும்! நானேதான், குறைவதே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக முகர்ந்து தீர்த்திருக்கிறேன். கோபம் எங்கும் போக வழியில்லாமல் அண்ணி மேல் பாய்ந்தது. "நீங்க ஒரு சட்டையாவது துவைக்காம வச்சிருந்தா நான் ஏன் இதைக் கட்டிக்கிட்டு அழறேன்?" கேட்டே விட்டேன்.

அண்ணி எலுமிச்சையைக் கீழே வைத்தார். "அந்தத் தலையணையில அவர் வாசனை இருந்தது. ராத்திரி திரும்பிப் படுத்தா ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். கை நீட்டினா யாரும் இல்ல. துவைக்கலேன்னா நான் அந்த வீட்டுல பைத்தியமாயிருப்பேன்டி."

இது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த வாசனை இல்லாமல் என்னால் வாழ முடியவில்லையோ, அதனோடு அவரால் வாழ முடியவில்லை. அண்ணி கையைப் பிடித்துக்கொண்டேன். எலுமிச்சைச் சாறு பட்டு என் நகக்கண் எரிந்தது.

இவர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். ஓடிப்போய்ப் புது பாட்டில் வாங்கிவந்தார். பழசை மிச்சமில்லாமல் ஊற்றி, அதே அளவு புதுசும் சேர்த்து அண்ணி குலுக்கினார். நாக்கில் நான்கும் வந்தன. அண்ணன் வரவில்லை. ஆனால் அண்ணி கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

எலுமிச்சை. கிராம்பு. எலுமிச்சை. கிராம்பு. ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

நாற்றம்! கடையில் ஒரு பையன் கால்பந்து உடை மூட்டையை அவிழ்த்தான், குப்பென்று ஒரு நாற்றம். அப்பாடா, என்ன நாற்றம்! இன்னொரு முறை முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பையன் பயந்துபோய், "சாரிக்கா, நாளைக்கு நானே தண்ணியில அலசி எடுத்துட்டு வர்றேன்" என்றான். "கழுவாதேப்பா, இருக்கட்டும்!" என்று கத்தினேன். முதலாளியம்மா என்னைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

இவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டையை மாற்ற வைத்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

அண்ணிக்குப் போன் செய்தேன். "காலி பாட்டிலைத் திறந்து பார்த்தியா?" என்றார். இல்லை என்றேன். பயமாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 26, சனி

அண்ணியும் நானும் சேர்ந்து திறந்தோம். கண்ணாடி வாசனைதான். கண்ணாடிக்கு ஏது வாசனை? ஒன்றுமில்லை என்பதைத்தான் அப்படி எழுதுகிறேன். எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை.

அண்ணி அடுப்படிக்குப் போனார். புது பாட்டிலிலிருந்து அளந்தார், டப்பாவில் போட்டுக் குலுக்கினார். இப்போது எங்களிடம் கிளாஸ் ஒரு டஜன் இருக்கிறது. அண்ணி தேடிப்பிடித்து டீ கப்பில்தான் உப்புத் தடவினார். பிறகு ஆரஞ்சுத் தோலைச் சுருளாகச் சீவி, கப்புக்கு மேல் வைத்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

வந்துவிட்டான். வேலை முடிந்து வந்து என் காதைத் திருகுவானே, அந்த விரல்களின் வாசனை. பாட்டிலில் இருந்ததை விட முழுசாக, அப்படியே.

அண்ணி கப்பை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இதுவரை என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"சொல்லு மூக்கி, என்ன குறையுது?"

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. நன்றாக இழுத்து முகர்ந்தேன்.

"எலுமிச்சை போதாது, அண்ணி."

மறுபேச்சில்லாமல் இன்னும் பாதியைப் பிழிந்தார்.