இட்லித் தட்டில் மிஞ்சிய போல்ட்

என் தங்க அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். ஒரு நல்ல செய்தியும் ஒரு பயமும் இருக்கின்றன. நல்லதை முதலில் சொல்கிறேன். உன் நீலக் கார் இன்று ஓடியது!

நீ எங்களை விட்டு ஒரேயடியாகப் போன பிறகு அதன் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் பேனைக் கழற்றி, கசிவை அடைக்கும் புது கேஸ்கெட் போட வேண்டும், அதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும் என்றார் மெக்கானிக்.

"எதுக்கு அண்ணி வீண் செலவு? பங்கார்ல, பழைய இரும்புக்குப் போட்டுடலாம். திங்கக்கிழமை ஆளோட வரேன்" என்றார் சித்தப்பா.

"இறக்காமலே உங்க அண்ணன் கழட்டுனதை நான் பாத்திருக்கேன் தம்பி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் அம்மா.

உன் காக்கி பேண்ட்டில் அவள் காருக்கு அடியில் போனதை நீ பார்த்திருக்க வேண்டும். நம் கோர்படி காலனியே வேடிக்கை பார்த்தது. காரைப் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் மேல் நிறுத்தி எண்ணெயை வடித்தோம். இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றி, மேலே போட்ட குறுக்குக் கட்டையில் கட்டிய சங்கிலியால் அதை நான்கு விரல் உயரம் தூக்கினோம். கழற்றியதையெல்லாம் உன் வழக்கப்படி இட்லித் தட்டுக் குழிகளில் வரிசையாக வைத்தேன்.

ஆயில் பேன் பாதியில் சிக்கிக்கொண்டது. "போச்சு" என்றார் சித்தப்பா. நான் கையை விட்டுத் தடவினேன். உள்ளே சுழலும் கிராங்க் தண்டின் தடித்த பகுதி தடுத்தது. முன்னால் இருக்கும் புல்லிச் சக்கரத்தை ஸ்பானரால் மெல்லத் திருப்பினேன்; தண்டும் சுழன்று வழிவிட்டது. பேன் நழுவி அம்மாவின் வயிற்றில் விழுந்தது!

"அய்யோ, குழந்தை பொறந்துடுச்சு!" என்று கத்திச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று, அப்பா?

மாலையில் புது கேஸ்கெட் வைத்து எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் ஊற்றி, அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டோம். கீழே விரித்த பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. சித்தப்பாவே கேட்டார்: "அண்ணி, நாளைக்கு ரஞ்சன்காவ் கணபதியைப் பாத்துட்டு வரலாமா? நீங்கதான் ஓட்டணும்."

இப்போது பயம். தட்டைக் கழுவப் போனால், கடைசிக் குழியில் ஒரு போல்ட். காம்பஸ் பெட்டியில் ஒளித்துவிட்டேன். சொன்னால் சித்தப்பா மறுபடியும் பங்கார் என்பார். உனக்கு எப்போதாவது ஒன்று மிஞ்சியதா? அம்மாவிடம் சொன்னாயா?

நான் சொல்லிவிடுவேன் அப்பா. காலையில் அவள் சாவியைத் தொடும் முன்னே பெட்டியைத் திறந்து காட்டுவேன். கார் போனால் போகட்டும், ஓட்டப்போவது அம்மா. ஆனால் கார் போகும் முன் உன் பேண்ட்டை இந்த முறை நான் போட்டுக்கொண்டு அடியில் போவேன். அந்த போல்ட்டுக்கு உரிய ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் வெளியே வரமாட்டேன்.

கையில் இன்னும் கிரீஸ் போகாத
உன் மகள்,
செல்வி