பூட்டிய கதவுக்குள் ஒரு வாக்கு

வாலரூ,
மார்ச் 4

நெவில்,

பதினோரு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அது போதும்.

உன் பிரிவு விருந்துக்கான அழைப்பு நேற்று வந்தது. கால்பந்துக் கழகக் கூடம், 15ஆம் தேதி சனிக்கிழமை மாலை, முதல்வராகப் பதினோரு ஆண்டுகள் என்று தங்க நிற எழுத்து. உன் கட்சிக்காரர்களே கூடி, நான்கு வாக்கு வித்தியாசத்தில் உன்னைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள். அவர்களே விருந்தும் வைக்கிறார்கள். சிரித்தேன் என்று எழுதினால் பொய். வருத்தப்படவும் இல்லை.

அழைப்பின் ஓரத்தில், "டெரிக், நீ ரெண்டு வார்த்தை பேசணும்டா" என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். என்ன பேச? உன் முதல் தேர்தலில், நாற்பது டிகிரி வெயிலில், வாக்குச்சாவடி வாசலில் நான் உனக்கு வாக்குக் கேட்கும் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றதையா? உன் முதல் பேச்சை எழுதியவன் நான். உன்னைக் கட்சித் தலைவனாக்கிய அந்த ஒற்றை வாக்கு என்னுடையது. இதையெல்லாம் பேசலாம். பேசினால் அந்த வியாழக்கிழமையையும் பேச வேண்டியிருக்கும்.

அன்று, எதிர்க்கட்சியாக இருந்த நாம் அரசாங்கத்தின்மேல் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம். என் மனைவி ரேலீன் மருத்துவமனையில். நான் உன் அறைக்கு வந்து, "எனக்கு ஒரு ஜோடி கேட்டு வாங்கிக் குடுடா" என்றேன். அவையில் காலகாலமாக இருக்கும் மரியாதை அது. நம்மில் ஒருவன் வர முடியாவிட்டால், எதிரே ஒருவன் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்வான். முடிவு மாறாது. மனைவி சாகக் கிடப்பவனுக்கு அதைப் பரம விரோதிகூட மறுத்ததில்லை. நீ தாளிலிருந்து நிமிராமல், "இன்னிக்கு யாருக்கும் ஜோடி கிடையாது. போய் உன் இடத்துல உக்காரு" என்றாய். நான் சொல்லாமல் கிளம்பியிருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். அதனால் உட்கார்ந்தேன்.

வாக்கெடுப்புக்கு அழைக்கும் மணி நான்கு நிமிடம் அடித்தது. கதவுகளைப் பூட்டினார்கள். தலைகளை எண்ணினார்கள். ஒரு வாக்கில் வென்றோம். நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். கதவைத் திறந்தபோது காவலர் டங்கன் தொப்பியைக் கையில் பிடித்தபடி எனக்காக நின்றுகொண்டிருந்தார். மூன்று பத்துக்கு, நாம் உள்ளே பூட்டப்பட்டிருந்த நேரத்தில், அவள் போய்விட்டாள்.

நீ முதல்வரானாய். நான் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. ஏன் என்று நிருபர்கள் கேட்டார்கள். முதுகுவலி என்றேன்.

இதன் நகல் பத்திரிகைக்காக உறையில் தயாராக இருக்கிறது. விருந்துக்கு இரண்டு நாள் முன்பு அஞ்சலில் போடுவேன். வருகிறவர்கள் படித்துவிட்டு வரட்டும்.

டெரிக் ஜான் கர்னோ


அடிலெய்ட்,
மார்ச் 7

அன்புள்ள டெரிக்,

நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஒன்றுதான் உனக்குத் தெரியாது. இத்துடன் இருக்கும் சீட்டைப் பார். அன்று காலை பத்து மணிக்கே உனக்கு ஜோடி வாங்கியாகிவிட்டது. அன்றைய ஆளுங்கட்சிக் கொறடாவின் கையெழுத்து உனக்குப் பழக்கமானதுதான்.

பதினொன்றரைக்கு ரேலீன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நெவில், அவனுக்கு ஜோடி கீடி வாங்கிக் குடுத்து இங்க அனுப்பிடாதே. பதினாறு வருஷமா இந்த அரசாங்கத்தத் திட்டாம அவன் ஒரு வேளை சாப்பிட்டதில்ல. அது விழுற நேரத்துல என் கட்டில் பக்கத்துல உக்காந்திருந்தான்னா, ஆயுசுக்கும் என்மேல அத மனசுல வச்சிருப்பான். ஒண்ணையும் விடமாட்டான்."

"என்மேல கோபிச்சுக்குவானே" என்றேன்.

"கோபிச்சுக்கட்டும். உனக்குத்தான் தோல் தடிச்சுப்போச்சே. சாயங்காலம் அனுப்பு, போதும். ஞாயிறு வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு." சிரிக்கவும் செய்தாள்.

நம்பிவிட்டேன். என் தப்பு அதுதான். நீ வந்து நின்றபோது நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அடக்கத்தன்று சொல்லத்தான் வந்தேன். நீ கை கொடுக்கவில்லை. உன் கோபம் அவள்மேல் போவதைவிட என்மேலேயே இருக்கட்டும் என்று திரும்பிவிட்டேன். பதவியில் இருந்தவரை, இதைச் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதாக இருந்திருக்கும். இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை. பத்திரிகைக்கு அனுப்புவதானால் அனுப்பு.

விருந்தில் என் பக்கத்து நாற்காலி உனக்கு.

உன்
நெவில்


வாலரூ,
மார்ச் 16

நெவில்,

சீட்டைப் பல தடவை பார்த்துவிட்டேன். கொறடாவின் கையெழுத்துதான். நேரமும் போட்டிருக்கிறார்.

உன்னை நம்பாமல் இருக்க இரண்டு நாள் முயன்றேன். ஆனால் "ஒண்ணையும் விடமாட்டான்" என்பது அவள் வார்த்தை. பாத்திரம் கழுவிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி சொல்வாள். அதை நீ இட்டுக்கட்டியிருக்க முடியாது. உன் பேச்சுகளை எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

பத்திரிகைக்கான உறையை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நேற்று மாலை கூடம் வரைக்கும் வந்தேன். வண்டியைக் கோதுமைக் கிடங்கு ஓரமாக நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இளைத்துவிட்டாய். உன் பக்கத்து நாற்காலியில் யாரோ கோட்டைப் போட வந்தார். வேண்டாம் என்று நீ கையை நீட்டித் தடுத்தாய். கதவு திறந்துதான் இருந்தது. நான் உள்ளே வரவில்லை.

இருபத்திரண்டு வருடம் என்னுடன் வாழ்ந்தவள். கடைசி நாளில் என்னைப் பற்றி அவளுக்கு இருந்த பயம், தன்மேல் நான் கோபம் வைத்துக்கொள்வேன் என்பதுதான். அப்படியெல்லாம் இல்லை என்று இப்போதாவது மனதுக்குள் அவளிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல முடியவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவள்மேல் கோபமாக இருக்கிறேன்.

போன கடிதத்தில் முழுப்பெயரையும் போட்டேன். இதன் அடியில் என்ன போடுவதென்று ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். உன் நண்பன் என்று எழுதப் பதினோரு ஆண்டுகள் விடமாட்டேன் என்கின்றன. வெறும் பெயரைப் போட்டால், அவள் சொன்ன அந்த ஆளே மறுபடி வந்து நிற்கிறான். யார் எழுதியது என்று உனக்குத் தெரியாமல் போகாது. பெயர் போடாமலே அஞ்சல் பெட்டியில் சேர்த்துவிடுகிறேன்.