அயர்ன் ரூம் பீரோவில் வெந்த தோட்டா

வீரபாண்டி,
14.6.2007

டாக்காவில் பனியன் கம்பெனி மேனேஜரா இருக்கற மாப்பிள்ளை சென்னியப்பன் அவர்களுக்கு உங்க அத்தை நஞ்சம்மாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். எப்படி நல்லா இருக்கோம்னு கேளுங்க. என்ற மகன் வயித்துப் பேரன் மணியனைப் படிப்பு முடியும் முன்னாலேயே வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. சின்னவன் அமராவதி நகரில் தங்கிப் படிக்கிறான், ஓட்டத்தில் கோப்பை வாங்கிட்டு வந்தான். உங்க மக தேஜஸ்ரீ துப்பாக்கி சுடறதில் ஜில்லாவில் முதல், கோயமுத்தூர்ப் போட்டியிலும் முதல். அஞ்சாங்கிளாஸ் தாண்டாத எனக்கு வாய்ச்ச பேரப்பிள்ளைகதான் இவங்க. கடைசியாச் சொன்ன புள்ளைக்காகத்தான் இந்தக் கடுதாசி.

சென்னைப் போட்டியில் அது பின்னுக்குப் போனதும் போனில் என்ன பேசுனீங்க? கை நடுங்கற கழுதைக்குத் துப்பாக்கி எதுக்கு, தையல் மிஷினில் உக்கார வையுங்கன்னு பேசுனீங்க. உங்க தம்பி திருமூர்த்தி, இங்கே பனியன் கம்பெனியில் வெச்சு போன் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். பனியனில் பழுது பாக்கற செக்கிங் பொம்பளைக அத்தனை பேரும் கேட்டாங்க. புள்ளை அன்னைக்குச் சோறு திங்கலை. அதோடயாவது நின்னீங்களா? துப்பாக்கியை அது கையில் குடுக்கக் கூடாதுன்னு தம்பிக்கு உத்தரவு வேற. லைசென்ஸ் அவர் பேரில் இருக்குது. அண்ணன் சொல்லாமத் தர மாட்டேங்கறார்.

நானும் ஒண்ணு கேக்கறேன். தோட்டாவை எங்கே வைக்கச் சொன்னீங்க? ஈரம் பட்டா பனியன் பண்டல் பூஞ்சை புடிக்கும்ங்கற பயத்திலேயே உங்களுக்குத் தலை நரைச்சுது. தோட்டாவும் நமத்துப் போகும்னு, கம்பெனியில் பனியன் தேய்க்கற அயர்ன் ரூமில் பாய்லர் சுவத்தை ஒட்டி இருக்கற இரும்பு பீரோவில் வைக்கச் சொன்னது நீங்கதான். தொட்டாக் கை சுடற பீரோ அது. சித்திரை பூராவும் அதுக்குள்ள வெந்துட்டு, அப்புறம் கார் டிக்கியில் சென்னை வரைக்கும் வெயிலில் போச்சு.

கோச் ஆரோக்கியராஜ் சார் மிலிட்டரியில் இருந்தவர். புள்ளை சென்னையில் சுட்ட குறி அட்டையை ஊட்டுக்கே கொண்டுவந்து காட்டினார். ஓட்டையெல்லாம் மேலயும் கீழயுமா ஒரே கோட்டில் இருந்துச்சு. கை நடுங்குனா நாலு பக்கமும் செதறும், இது மருந்தோட வேலைங்கம்மான்னார். தோட்டாவுக்குள்ள இருக்கற மருந்து சூடேறினா வெரசா எரிஞ்சு குண்டை மேலே ஏத்திருமாம். ஆற ஆற குண்டு எறங்குமாம். மேலே போகுதேன்னு புள்ளை குறியைத் தாழ்த்தி வெச்சிருக்குது. அதுக்குள்ள தோட்டா ஆறி, குண்டு கீழே போயிருச்சு. பாவம், அதுக்கு என்ன தெரியும்!

நானும் வாய்ப்பேச்சை நம்பலைங்க. உங்க தம்பியைத் துப்பாக்கியோட கெளப்பிக் கூட்டிட்டு, புள்ளை சுட்டுப் பழகற கிளப்புக்கே போனேன். ஒரே பெட்டித் தோட்டாவில் பாதியை நெழல்ல வெச்சோம், பாதியைக் காருக்குள்ள வெயிலில் வெச்சோம். புள்ளைக்குத்தான் நீங்க தடை போட்டிருக்கீங்களே, சாரே சுட்டார். நெழல்ல இருந்தது நடுவில் விழுந்துச்சு. வெயிலில் இருந்தது மேலே ஏறிப் போச்சு. மிலிட்டரிக்காரருக்கும் கை நடுங்குதுங்களா மாப்பிள்ளை? இதை உங்களுக்குச் சொல்லச் சொல்லி உங்க தம்பிகிட்டக் கேட்டா, அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க அத்தைன்னு நழுவிட்டார். அதனாலதான் நானே சொல்றேன்.

ஆவணியில் திருச்சியில் போட்டி. துப்பாக்கி கைக்கு வந்தாத்தான் புள்ளை பழக முடியும். தம்பிக்கு இன்னைக்கே போன் போடுங்க. ஸ்பீக்கரைப் போடச் சொல்லுங்க, செக்கிங் பொம்பளைக இருக்கற நேரமாப் பாத்துப் போடுங்க. என்னால மகளோட கை கெட்ட பேர் வாங்குச்சுன்னு சொல்ல உங்க வாய் கூசுனா, நான் சொல்றேன். எனக்குக் கூசாது.

இன்னொண்ணு. உங்க போட்டோ புதுசா எடுத்துத் தபாலில் அனுப்புங்க. சுவத்தில் இருந்ததைப் புள்ளை கழட்டிக் கிழிச்சுப் போட்டுருச்சு. நான் ஏன்னு கேக்கலை. வேற மாட்டுன்னும் சொல்ல மாட்டேன். அப்பா போட்டோ எங்கே அம்மாயின்னு அதுவாக் கேக்கற அன்னைக்கு, எடுத்துக் குடுக்க என்ற கையில் ஒண்ணு இருக்கோணும். கொஞ்சம் சிரிச்ச மொகமா எடுங்க.

இப்படிக்கு,
தேஜஸ்ரீயின் அம்மாயி
நஞ்சம்மாள்