மொத்தமாய் விழுந்த ஓட்டு

திருக்காட்டுப்பள்ளி பக்கம்,
10-2-1970

அன்புள்ள அப்பாவுக்கு,

நாகநாதன் வணக்கத்தோடு எழுதுவது. நாகூரில் நீங்களும் அம்மாவும் சுகம்தானே? தோள்வலி குறைந்ததா? காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போகாதீர்கள். இங்கே அறுப்புக் கூலித் தகராறு, போலீஸ் வந்து போகிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்தினேன். ஜனநாயகம் புரியட்டும் என்று வகுப்புத் தலைவருக்குத் தேர்தலும் வைத்தேன். மிராசுதார் மகன் நின்றான். எதிரே ராசம்மாள். கூலி கூட்டிக் கேட்டதற்காக அவள் அப்பா ஜெயிலில் இருக்கிறார். அவள் தெருப் பிள்ளைகள் தங்கள் சீட்டையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டிப் பெட்டியில் போட்டார்கள். செல்லாது, தனித்தனியாகப் போடுங்கள் என்றேன்.

"தனியாப் போட்டா கையெழுத்த வெச்சி யாருன்னு கண்டுபிடிச்சி, அவங்க வீட்டு ஆளுங்கள வேலைய விட்டு நிறுத்திடுவாங்க சார். தெரு மொத்தத்தையும் நிறுத்திட்டா அறுக்க ஆள் ஏது?" என்றாள் ராசம்மாள்.

புத்தகத்தில் அப்படி இல்லை. மறுபடி தனித்தனியாகப் போட வைத்தேன். அவளுக்கு விழுந்தது ஒரே சீட்டு. மிராசுதார் மகனுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வருத்தம்கூட வரவில்லை அப்பா.

என் அறை ஜன்னலுக்குக் கதவில்லை, குரங்கு வருகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கிழிந்த வலையில் ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள். அலச வேண்டாம், அந்த வாசனையோடே இருக்கட்டும்.

நேற்று வகுப்பில் ஜனநாயகம் என்றால் என்ன என்று கேட்டேன். ராசம்மாள் எழுந்து, "தனியாப் போடுறது சார்" என்றாள்.

சரியான பதில் என்று சொல்லி உட்கார வைத்தேன்.

பஸ் வந்துவிட்டது, கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் மகன்
நாகநாதன்