உன் எடிட்டரை மூடிவிட்டேன், நைனா

என் செல்ல நைனாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கம்ப்யூட்டர் எடிட்டரில் அடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலத் திரையும் வெள்ளை எழுத்துமாக நீ இத்தனை வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்த அதை மூடிவிட்டு, வேறொன்றில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைத் திரை. கண் கூசுகிறது.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை தெலுங்கு பேசும் நகரிக்காரர். முகூர்த்தம் நம் மலைக்கோயிலிலேயே. அவரைப் பாவா என்று நான் இன்னும் வாய்விட்டுக் கூப்பிடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவதோடு சரி. வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்து ஒன்பதாவதோடு நின்றவள்தானே? நீ திட்டவில்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே உனக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது.

நான் என்ன செய்யட்டும்? அரக்கோணத்து அச்சகத்து அண்ணன் போனில் கத்துகிறார். "இன்னா பாப்பா, உன் ஃபைலத் தொறந்தா எழுத்தே இல்ல, கொக்கியும் நட்சத்திரமுமா கொட்டுது. உங்க நைனா பிரிண்ட் எடுத்துகினு நேர்ல வருவாரு. நீ வீட்ட வுட்டு வெளியவே வர மாட்டேன்ற. எடிட்டரையாவது மாத்து!"

அக்கா பத்திரிகையில் தமிழும் தெலுங்கும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். உன் எடிட்டருக்குத் தெலுங்கு தெரியாது. நீ தெலுங்கை வேறெங்கோ அடித்து வாங்கி, வெட்டி, பசை தடவி ஒட்டுவாய். நான் ஒட்டினால் கோணிக்கொள்கிறது. அதனால் நாலைந்து எடிட்டர்களை இறக்கி, எல்லாவற்றிலும் அக்கா பெயரைத் தமிழிலும் பாவா பெயரைத் தெலுங்கிலும் அடித்துப் பார்த்தேன். ஒன்றில் கொம்பு எழுத்தைவிட்டுத் தள்ளி நின்றது. ஒன்றில் பாவா வெறும் கட்டம் கட்டமாக வந்தார். இன்னொன்று நெட் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்றது. இதில்தான் இரண்டு பேரும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ஆனாலும் கை போகவில்லை. தமிழ் வரிகளை மட்டும் கடைசியாக ஒரு தடவை உன்னுடையதில் அடித்துப் பார்க்கிறேன் என்று அதையே திறந்தேன்.

நீ அதில் வைத்த சுருக்குகள் இருக்கிறதே, நைனா! 'நி' அடித்தால் 'நிகழும் மங்களகரமான' வரி முழுசாக வந்து நிற்கும். 'தெ' அடித்தால், இறந்தவர் பெயருக்கு முன்னால் போடுகிற 'தெய்வத்திரு'. நம் வீட்டு விசேஷத்துக்கென்று 'நவீ'. அதை அடித்தால் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று வந்து, கீழே உன் பெயரும் அம்மா பெயரும் விழும். பழக்கத்தில் என் விரல் 'நவீ' அடித்தது. நான் கவனிக்கவே இல்லை. திரையைப் படமெடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

உடனே போன். "ஏம்மா, என் தம்பி எழுந்து வந்து பத்திரிகை வெச்சிகினு கீறானா?" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். பாதியிலேயே போனை வைத்துவிட்டார்.

அக்கா தலையில் குட்டினாள். "இது நகரிக்குப் போயிருந்தா மானம் போயிருக்கும்டி. கண்ண எங்க வெச்சிகினு அடிச்ச?"

அம்மா மட்டும் திரைக்குக் கிட்டே வந்தாள். விரலை வைத்து உன் பெயரைப் படித்தாள். பக்கத்திலிருந்த தன் பெயரையும் படித்தாள். "இப்பவே அழிச்சிடாத. சோறு வடிச்சிட்டு வர்றேன். அது வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

அன்றைக்குச் சோறு வெகுநேரம் வடிந்தது, நைனா.

அதற்குப் பிறகுதான் உன்னுடையதை மூடினேன். இந்தப் புதியதில் ஒரு சுருக்கும் கிடையாது. உன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக நானே அடிக்க வேண்டியிருந்தது. உன் எடிட்டரில் நீ பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தாய். இதில் என் கையாலேயே உன்னை...

எத்தனை பேர் வீட்டுப் பத்திரிகையில் 'தெ' தட்டிவிட்டு அடுத்த வரிக்கு ஓடியிருக்கிறேன்! அந்த வீடுகளிலும் யாராவது இப்படி விரல் வைத்துப் படித்திருப்பார்களா?

"இந்தக் கெழட்டு எடிட்டர மாத்து நைனா" என்று நான் கேலி செய்தபோது, "நான் போனப்புறம் நீ எதுல வேணா அடிச்சிக்கோ" என்றாயே. அது சம்மதமா, கோபமா? அப்போதே கேட்டிருக்கலாம். உன்னிடம்கூட எனக்கு வாய் வரவில்லை.

உன் எடிட்டரை அழிக்கவில்லை. அம்மா கேட்டால் திறந்து காட்டுவேன். உன் சுருக்குகளை ஒவ்வொன்றாக இதில் ஏற்றிவிடுகிறேன். 'நவீ'யையும்தான். அதில் இனி அம்மா பெயரும் பெரியப்பா பெயரும் வரும். 'தெ'யை மட்டும் ஏற்ற மாட்டேன். யார் வீட்டுப் பத்திரிகையாக இருந்தாலும், அவசரமென்று அச்சகத்து அண்ணன் எவ்வளவு கத்தினாலும், அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகத்தான் அடிப்பேன். உன்மேல் சத்தியம்.

நீ போட்ட நாற்காலியிலேயே இருக்கும்,
உன் சின்ன மகள்